மாமா உயிரோடு வந்து சேர்ந்த நாள்

என் தாய்மாமனுக்கு எங்கே சாக வேண்டும் என்பதில் ஒரு பிடிவாதம் இருந்தது. எதனால், எப்போது என்பதையெல்லாம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முடிவு செய்துவிட்டார். ஈரல் கெட்டுவிட்டது, வயிற்றில் நீர் கோத்துவிட்டது, இனி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். இடம் ஒன்றுதான் மாமாவின் கையில் மிச்சம் இருந்தது. மலாக்காவில் புக்கிட் பெருவாங் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அவர் பெரிய கங்காணி. தோட்டத்தில் சிவப்புச் சாயம் அடித்த தகரக் கூரை அவர் வீட்டுக்கு மட்டும்தான் உண்டு. அந்தக் கூரைக்குக் கீழே படுத்துச் சாக வேண்டும். வழியில் செத்துவிடக் கூடாது.

வழியில் செத்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே போன உயிர் வெளியேதான், அந்தப் பிணம் ஊருக்குள் வரக் கூடாது என்று ஒரு வழக்கம் நாங்கள் விட்டு வந்த ஊர்நாட்டில் இருந்தது. தோட்டத்தில் பாதிச் சாவு ஆஸ்பத்திரியில் விழும் என்பதால் மற்றத் தோட்டங்களில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா எடுத்துக்கொண்டார். தோட்டத்து வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதனடியில் முனியாண்டி சூலம். ஆஸ்பத்திரியில் செத்தவர் யாராயிருந்தாலும் அந்தச் சூலத்தைத் தாண்டக் கூடாது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நேரே இடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். உள்ளே வந்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வாந்திபேதி வரும் என்பது அவர் சொன்ன காரணம். அடுத்தவன் வீட்டுச் சாவிலும் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்பது நான் கண்ட காரணம்.

கடைசி லயத்தில் பால் வெட்டும் ஆள் ஒருவன் இருந்தான். அவன் மனைவி பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோய், மாட்டு வண்டியில் கொண்டுவந்தபோது நான் அந்த வாசலில் நின்றிருந்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் சைக்கிளுக்கு டியூப் மாற்றப் பட்டறையிலிருந்து போனவன். மாமா சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பிரம்பை மடியில் வைத்திருந்தார்.

"வண்டிய உள்ள கொண்டாரல கங்காணியாரே. புள்ளைங்கள மட்டும் வெளிய விடுங்க. ஆத்தா மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கட்டும்" என்று அவன் கெஞ்சினான்.

மாமா வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "பொணத்தப் பாத்தா புள்ளைங்களுக்கு ஆவாது. வண்டியத் திருப்பு" என்றார்.

பிள்ளைகள் உள்பக்கம் நின்று கத்தின. வண்டி திரும்பிப் போயிற்று. அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று அத்தைக்கு ஓர் அறை விழுந்தது.

எனக்கு மாமாவைப் பிடிக்காது. இதை மெழுகி எழுத எனக்குப் பொறுமை இல்லை. சின்ன வயதில் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டேன் என்று என்னை மரத்தில் கட்டி வைத்து அடித்தவர். அந்த அடியோடு நான் தோட்டத்தை விட்டு ஓடி, மலாக்கா தெங்கேராவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், மோட்டார் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், அந்தப் பட்டறைதான் எனக்குச் சோறு போட்டது. மாமாவைக் கூட்டிவர நீதான் போக வேண்டும் என்று அம்மா சொன்னபோது முடியாது என்றேன். "அவன் நாயாவே இருக்கட்டும். என் கூடப் பொறந்த நாய்" என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச முடியவில்லை.

தவுக்கேயிடம் சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டயரும் எண்ணெய் டின்னும் ஏற்றிப் போகிற வண்டி. கேட்டதும் கொடுத்தார், ஆனால் சைடுகார் இருக்கையைக் கையால் தட்டி, "சினி ஜாங்ஙான் மாத்தி" என்று மலாயில் சொன்னார். இதில் சாகக் கூடாது. செத்தால் அந்த வண்டியைப் பட்டறைக்குள் விடமாட்டார், என்னையும் விடமாட்டார். ஆக, ஒரு மனிதன் எங்கே சாகக் கூடாது என்பதில் கங்காணியும் தவுக்கேயும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

ரயிலில் போனால் நோகாமல் போகலாமே என்று ஆஸ்பத்திரி வாசலில் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ரயில்ல மூச்சு நின்னா அடுத்த ஸ்டேசன்ல எறக்கிப் போட்டுடுவான்டா. எவன் ஊர்லயோ பொதைப்பான். உன் வண்டின்னா நீ நிறுத்தாமப் போவே" என்றார். சாகிற நேரத்திலும் கணக்காகத்தான் யோசித்தார்.

விடிந்ததும் கிளம்பினோம். மாமா சைடுகாரில். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அத்தை என் பின்னால், ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சைடுகார் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அந்தக் காலத்தில் சேலை கட்டிய பெண் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. காஜாங் கடைத்தெருவில் ஒரு சீனக் கிழவர் கோப்பிக் கோப்பையை உதட்டில் வைத்தபடியே எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊர்கோலமாடி போறே? தே... கால மடக்கி வையி" என்று மாமா தொடங்கினார். அங்கே தொடங்கிய வாய் அலோர் காஜா தாண்டும்வரை மூடவில்லை.

அது மாசி மாத வெயில். ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற காலம். மற்ற மாதங்களில் அந்தச் சாலை நெடுக நிழல் கிடைக்கும். அன்றைக்கு இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள், அடியில் சருகு, தலைக்கு நேரே சூரியன். தார் உருகி டயரில் ஒட்டிக்கொண்டு, பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி சத்தம் போட்டது. மேடு ஏறினால் எஞ்சின் கொதித்துவிடும். நிறுத்தி ஆற வைக்க வேண்டும். நிறுத்தினால், "வழியிலேயே சாவட்டும்னு பாக்குறியாடா?" வேகமாகப் போனால், "ஆட்டி ஆட்டியே கொல்லப் பாக்குறியாடா?" பெட்ரோல் ஊற்ற நின்றால், "எவன் அப்பன் வீட்டு நேரம்டா இது?" தண்ணீர் கொடுத்தால் சூடாக இருக்கிறதென்று அத்தையின் மேல் துப்பினார். அத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது புதிதில்லை. பரிசம் போட்ட நாளிலிருந்து அந்த வாய்க்குக் கீழேதான் குடித்தனம்.

சிரம்பானுக்கு முன்னால் ஒரு பாலத்தடியில் நின்றோம். வெயிலில் மாமாவுக்குத் தலைவலி கண்ணைத் திறக்க விடவில்லை. அத்தையின் முந்தானை முடிச்சில் கோயில் திருநீறு இருந்தது. அதை ஓடைத் தண்ணீரில் குழைத்து, நெற்றி முழுக்கத் தடிமனாகப் பத்துப் போட்டாள். எங்கள் வீடுகளில் தலைவலிக்கு அதுதான் மருந்து. காய்ந்ததும் நெற்றி வெள்ளையாக இறுகிப் போய்விட்டது. கொஞ்சம் தணிகிறது என்றார். நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது.

ரெம்பாவ் வளைவுகளில் வேறு தொல்லை. மாமா நெட்டை ஆள். திரும்பும்போதெல்லாம் அவர் கால் சைடுகாருக்கு வெளியே வந்து விழுந்தது. ஒரு தடவை பாலத்துக் கைப்பிடியில் அடிபடப் பார்த்தது. காலைச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஆனால் கணுக்கால் நீர் கோத்து வீங்கியிருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து மேலே வர நேரமாயிற்று. அதில் கயிறு போட்டால் சதை பிய்ந்துவிடும். பட்டறைக்காரனுக்குப் பழைய டியூப் இருந்தால் போதும், உலகத்தையே கட்டிவிடுவான். ஒரு துண்டு டியூபைக் கத்தரித்து, இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினேன். கால் அசையவில்லை. நல்ல வேலை என்று எனக்கே ஒரு திருப்தி.

தம்பினில் மாமா இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார். வேட்டியெல்லாம் நனைந்து, வெயிலில் நாற்றம் தாங்கவில்லை. மாற்று வேட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள் அத்தை. அதற்கு மாமா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தெருவில் இருந்த துணிக்கடைக்கு நான்தான் போனேன். கஞ்சி போட்ட வெள்ளைத் துணி ஒன்றுதான் அகலமாக இருந்தது. கடைக்காரர் தமிழர். வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். முழம் போட்டுக் கிழித்த துணியை என் கையில் கொடுக்காமல் பலகையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெயிலில் மூளை இளகிப்போயிருந்தது. அழுக்கு வேட்டியை உருவி எறிந்துவிட்டு, அந்தப் புதுத் துணியை மார்பிலிருந்து கால்வரை போர்த்தி, காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் உடம்புக்கு அடியில் செருகினோம்.

"இன்னும் எவ்ளோ தூரம்டா?" என்றார் மாமா. முதல் தடவையாகக் குரலில் பயம் இருந்தது.

"மலாக்கா எல்லைக்குள்ள வந்தாச்சு மாமா. கண்ண மூடி இருங்க லா. வந்துரும்."

"கண்ண மூடச் சொல்றியா? நான் மூடமாட்டேன்டா. வீட்டப் பாத்துட்டுத்தான் மூடுவேன்."

எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அதிக நேரம் நிற்கவில்லை. அத்தை பின்னால் ஏறும்போது கை தவறி அவர் தோளில் பட்டது. "தள்ளுடி முண்ட. நான் போனதும் எவன் வீட்டுக்குப் போலாம்னு யோசிக்கிறியா? என் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். மொட்டையடிச்சு மூலையில போடச் சொல்லியிருக்கேன்" என்றார். சாலையோரம் நின்ற மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது, சிரித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். வண்டியை அப்படியே குப்புறக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

அலோர் காஜா தாண்டித் தார்ச்சாலையை விட்டு, டுரியான் துங்கால் பக்கமாகச் செம்மண் சாலையில் திரும்பினேன். மழை கண்டு மாதமாகியிருந்த மண். சக்கரம் பட்டதும் மாவாகக் கிளம்பியது. மூக்கில், கண்ணில், பல்லில் எல்லாம் சிவப்பு. மாமா வாயை மூடாமல் திட்டிக்கொண்டே வந்ததால் புழுதி முழுக்க உள்ளே போய், இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அத்தையின் அப்பனை, ஆத்தாளை, பிள்ளை தங்காத வயிற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"நிறுத்துய்யா" என்றாள் அத்தை.

நிறுத்தினேன். அவள் இறங்கினாள். வெயிலுக்கென்று தன் தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அதை நீளவாக்கில் மடித்து, மாமாவின் தாடைக்குக் கீழே கொடுத்து, இரண்டு கன்னத்தையும் அணைத்துத் தூக்கி, உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு இன்னொரு முடிச்சு. வாய் மூடிக்கொண்டது. மாமாவின் கண்கள் மட்டும் உருண்டன.

"புழுதி உள்ள போவுது" என்றாள் என்னைப் பார்த்து.

அவள் மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நினைவு தெரிந்து அத்தை சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாயில் மண்ணோடு சிரித்தோம். பக்கத்தில் மாமா ம்ம், ம்ம் என்று முனகிக்கொண்டு வந்தார். கையைத் தூக்கி அவிழ்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. அப்படிக் கிடைத்த அமைதியில் எஞ்சினின் சத்தம் எனக்குச் சங்கீதமாகக் கேட்டது.

புக்கிட் பெருவாங் நெருங்கும்போது எதிரில் தோட்டத்து லோரி வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். சைடுகாரை ஒரு நிமிஷம் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். நான் கையைத் தூக்கி ஏதோ கத்தினேன். எல்லாம் புரிந்தது என்பதுபோல் தலையாட்டிவிட்டு, லோரியை வளைத்துத் திருப்பி, வந்த வழியே பறந்தான். நல்ல பையன், வீட்டில் போய்ப் பாயை விரித்து வைக்கச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

தோட்டத்து வாசலுக்கு முந்திய மேட்டில் ஏறும்போதே மேளச் சத்தம் கேட்டது. கோயிலில் ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். கீழே தூங்குமூஞ்சி மரத்தடியில் தோட்டமே திரண்டு நின்றது. பெண்கள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். "ஊர ஆண்ட ராசா, ஒத்தையில வந்தீகளா" என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாமாவின் பிரம்பு யார் யார் முதுகில் விழுந்ததோ, அவர்கள்தான் முன்வரிசையில் நின்று அழுதார்கள். அவ்வளவு நிறைவாக யாரும் அழுது நான் கேட்டதில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். அப்போதுதான் அவர்கள் பார்ப்பதை நானும் திரும்பிப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு. புதுத் துணி போர்த்திய உடம்பு. சேர்த்துக் கட்டிய பெருவிரல்கள். தாடையைத் தூக்கிக் கட்டிய வெள்ளைத் துண்டு. ஒரு பிணத்துக்கு என்னென்ன செய்வார்களோ அவ்வளவையும், ஒன்றைக்கூட விடாமல், நானும் அத்தையும் வழி நெடுகச் செய்து முடித்திருந்தோம். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஊரில், ஒவ்வொரு காரணத்துக்காகச் செய்ததால் எங்களுக்கு உறைக்கவே இல்லை.

மாமா கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இறங்கி முடிச்சை அவிழ்க்கப் போனாள். ஈரத்தில் போட்டது வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். துண்டு நழுவியது.

"எவடி எழவு பாடுறது?" என்றார் மாமா. தொண்டை கரகரத்தது. "எங்கடா என் பிரம்பு?"

மேளக்காரனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பெண்கள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளைகளின் முகத்தை மறைத்தார்கள்.

"உசுரோடதான் இருக்காரு. வழி விடுங்க, வீட்டுக்குக் கொண்டு போவணும்" என்று கத்தினேன்.

சூலத்துக்குப் பக்கத்தில், அதே கல்லின் மேல், மாமாவின் தம்பி உட்கார்ந்திருந்தார். சின்னக் கங்காணி. எனக்குச் சின்ன மாமா. அண்ணனுக்குப் பிறகு தோட்டம் தன் கைக்கு வரும் என்று காத்திருந்தவர். மடியில் பிரம்பு இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"அங்கயே நில்லு மாப்ள" என்றார். "வாய்க்கட்டு போட்டாச்சு. கால்கட்டு போட்டாச்சு. கோடித் துணி போத்தியாச்சு. சாவு மேளமும் அடிச்சாச்சு. அடிச்ச மேளத்துக்கு ஒரு உசுரு போயே ஆவணும். இவர உள்ள விட்டா, இவருக்குப் பதிலா லயத்துல யாரு போறது? யாரு வீட்டுப் புள்ளையக் குடுக்கிறது? நீயே கேட்டுச் சொல்லு."

அப்படி ஒரு சாஸ்திரம் எங்காவது இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன மாமாவுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அண்ணன் சட்டம் போடுகிற அழகைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் படித்தவர். கூட்டத்தில் ஒருத்தி, "உள்ள வேணாம் சாமி" என்றாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரில் இல்லை. கிராணி தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

"கையால தொட்டுப் பாருங்க, உடம்பு சுடுது லா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஊருக்குல்ல தெரியணும்" என்றார் சின்ன மாமா.

மாமாவுக்கு எல்லாம் கேட்டது. அதுதான் அன்றைக்கு நடந்ததிலேயே கொடுமை. காது மட்டும் கடைசிவரை ஒழுங்காக இருந்தது.

"டேய். நான்டா. உன் அண்ணன்" என்றார்.

"தெரியுதுண்ணே."

"அந்தா என் வீடுடா. கூர தெரியுதுடா."

"தெரியுதுல்ல? இங்கேருந்தே பாத்துக்கங்கண்ணே" என்றார் தம்பி. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினார்.

அந்த வாசலிலிருந்து சிவப்புக் கூரை நன்றாகத் தெரியும். மொட்டை மரங்களுக்கு நடுவில் அன்றைக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது. நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கடைசி லயத்து ஆள் வந்தான். மனைவியை மாட்டு வண்டியில் திருப்பிக் கொண்டுபோனவன். அவனுக்குப் பின்னால் அவன் பிள்ளைகள். சின்னக் கங்காணியைக் கண்டுகொள்ளாமல் சூலத்தைத் தாண்டி வெளியே வந்து, சைடுகார் பக்கத்தில் நின்று, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கங்காணியாரே, என் வீட்டுக்கு வாங்க. எனக்கு மேளத்துக்கெல்லாம் பயமில்ல. எங்க வீட்ல போவ வேண்டிய உசுரு முன்னாடியே போயிருச்சு. அவ படுத்த எடம் காலியாத்தான் கெடக்கு. அங்க படுத்துச் சாவுங்க" என்றான்.

சின்ன மாமாகூட மெல்வதை நிறுத்திவிட்டார். அவன் அதை இரக்கத்தில் சொன்னானா, பழி தீர்க்கச் சொன்னானா என்று பின்னாளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பழிதான். அவன் கண்ணை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் மாமா ஒரு 'சரி' சொல்லியிருந்தால், அவன் உண்மையாகவே தூக்கிக்கொண்டு போயிருப்பான். இரண்டும் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியும். அவனைத் தடுக்க அந்த லயத்தில் யாருக்கும் வாய் வந்திருக்காது.

கடைசி லயத்துக்காரர்கள் வேறு சாதி. மாமா அந்தப் பக்கத்துக் குழாயில் கால்கூடக் கழுவமாட்டார். காலையில் ஆளெடுக்கும் பிரட்டில் பேர் கூப்பிடும்போதும் அவர்களைத் தனியாகத்தான் நிற்க வைப்பார். தலையை மெல்லத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு தூரத்தில் தெரிந்த தன் கூரையைப் பார்த்தார். நான் குனிந்து, "மாமா, சரின்னு சொல்லுங்க. கூரைன்னு ஒண்ணு கெடைக்கும். உள்ள போயிரலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். காலையிலிருந்து இவ்வளவு தூரம் எதற்காக வந்தோம்?

"அவன் வீட்டுலயா?" என்றார். "த்தூ..."

துப்பத் தெம்பு இல்லை. எச்சில் உதட்டைத் தாண்டி அவர் தாடையிலேயே வழிந்தது. அந்த ஆள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் தள்ளிக்கொண்டு, உள்ளே போய்விட்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாமாவுக்கு வந்தும் தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்க முடியாது, செத்தவனுக்கு மருந்து கொடுக்க முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டார்கள். மாமாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் தவுக்கேயின் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மரத்தடியில், சூலத்துக்கு வெளிப்பக்கம் படுக்க வைத்தேன். சருகு அவருக்குக் கீழே நொறுங்கியது. பட்டறையில் எனக்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்காக அப்போது எனக்கு அழுகை வரவில்லை. அவர் படுத்திருந்த இடத்தில்தான் அன்றைக்கு அந்த மாட்டு வண்டி நின்றது.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் வாயில் தண்ணீர் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி காதுப் பக்கம் வழிந்தது. மாமா கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வெயில் சாய்ந்து தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. எனக்கே கூசியது. அவர் இமைக்கவில்லை. எப்போதிலிருந்து இமைக்காமல் இருந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அத்தை விட்ட தண்ணீர் முழுக்க வெளியே வழிந்தபோதுதான் தெரிந்தது.

வாய் ஆவென்று திறந்திருந்தது. நாக்கில் செம்மண்.

சின்ன மாமா கல்லிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார். சூலத்தைத் தாண்டி வரவில்லை. "அண்ணி, மசமசன்னு இருக்காதீங்க. வாயக் கட்டுங்க. வெறைச்சிப் போச்சுன்னா அப்புறம் மூடாது" என்றார்.

துண்டு அவள் மடியிலேயே கிடந்தது. எடுத்தாள். புழுதி போக இரண்டு தடவை உதறினாள். அதைக் கொண்டு தன் முகத்தையும் கழுத்தையும் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பேசுறப்பவே கட்டிட்டேன்" என்றாள். "இனிமே தொறந்து கெடந்தா என்ன?"